பால்முகத்தாளுக்கு விதிப்படி பக்தி

நல்ல தெய்வங்களைப் போலத் தொல்லை பிடித்த கூட்டம் ஈரேழு உலகத்திலும் கிடையாது என்பது தங்கமாரியின் தீர்ந்த முடிவு. வசந்தகுமார் ஆட்டத்துக்காகப் படைத்த உலகத்தில் இருட்டுவாயன் என்றொரு கெட்ட தெய்வம் உண்டு. ஒரு கருஞ்சேவலை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு ஆளை நிம்மதியாகத் திருட விட்டுவிடுவான். பால்முகத்தாள் அப்படியில்லை. அவள் கருணைக் கடல். ஆகவே அவளுடைய விதிகளை வரிசையாக நிறுத்தினால் ஒரகடம் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு இடமிருக்காது.

வசந்தகுமார் வாலாஜாபாத்துக்காரன், போன் பாகம் செய்யும் கம்பெனியில் லைன் லீடர். அறிவிப்புப் பலகை தவிர வேறெதையும் வாசித்தறியாதவன் என்பதால் தேவிக்கும் அதே நடைதான் வந்தது. ‘பக்தர்கள் எந்நேரமும் முகமலர்ச்சியுடன் காணப்பட வேண்டும். தவறுவோரிடம் விளக்கம் கோரப்படும்.’ இப்படிப் பேசுகிற தெய்வத்தை யார்தான் கும்பிடுவார்கள்? தங்கமாரி கும்பிட்டாள். நல்ல தெய்வத்தின் பக்தைக்குத்தான் அரிவாள் கிடைக்கும் என்று சொல்லி ஆட்டக்காரர்கள் அவளை இந்தத் தேவியிடம் சேர்த்துவிட்டிருந்தார்கள்.

ஞாயிறு மதியம் சாப்பிட்டதும் சுங்குவார்சத்திரத்தில் கனகலட்சுமி மெஸ்ஸின் மாடியில் ஆட்டம் நடக்கும். வசந்தகுமார் கதையை நடத்துவான். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் ஏற்று என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். அது பலிக்குமா என்பதைப் பகடை தீர்க்கும். தங்கமாரிக்கு செங்காந்தி என்ற வீராங்கனை வேடம். வாரம் முழுக்க அதே கம்பெனியில் கொசுவின் கடைவாய்ப்பல் அளவுத் திருகுகளைத் தலை நிமிராமல் முடுக்குகிறவளுக்கு, அன்று ஒருநாள் கையில் பனைமர உயர அரிவாள்.

அந்த அரிவாள்தான் பறிபோயிருந்தது. போன வாரம் அரக்கர்கள் வந்து “பிள்ளைகள் எங்கே?” என்று உறுமியபோது, பிள்ளைகளைக் கிணற்றுக்குள் ஒளித்துவைத்திருந்த செங்காந்தி “இங்கே யாருமில்லை” என்று சொல்லிவிட்டாள். பிள்ளைகள் பிழைத்தார்கள். பொய் சொன்ன குற்றத்துக்காகப் பால்முகத்தாள் அரிவாளைப் பிடுங்கிக்கொண்டாள். இன்று மலைவிழுங்கி என்ற ராட்சதனோடு கடைசிச் சண்டை. வசந்தகுமாருக்கு ஓசூருக்கு மாற்றல் வந்துவிட்டதால் ஆட்டமும் இன்றோடு சரி. அரிவாள் இல்லையென்றால் செங்காந்தி சட்னிதான்.

“பிள்ளைகளைக் காட்டிக் குடுத்திருந்தா உங்க தேவி கொஞ்சியிருப்பாளோண்ணே?” என்றாள் தங்கமாரி.

“ரூல் ரூல்தாம்மா. பொய் சொல்லாதன்னு போட்டுக்கீது இல்ல? மன்னிப்பு கேட்டுட்டு பௌர்ணமி வரிக்கும் தவம் இரு. அம்மா கருணையானவங்க, குடுப்பாங்க.”

“பௌர்ணமிக்குள்ள அவன் என்னைத் தின்னு செரிச்சிருவாம்லா!”

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் இசக்கிதுரைக்குத் திருடன் வேடம். இருட்டுவாயனின் பரம பக்தன். “ஏளா, எங்க சாமிகிட்ட வந்துரு. ஒரு சேவல்தான். பல்லு வெளக்கினியான்னுகூடக் கேக்க மாட்டாரு.”

“சாமி சரியில்லைன்னா சாமிகூடத்தான் சண்டை போடணும் அண்ணாச்சி. நான் என்னத்துக்கு மாறணும்?”

அவள் ஊரில் மழை பொய்த்தால் அம்மனை வாசலில் நிறுத்தி வண்டை வண்டையாகக் கேட்பார்கள். ஆனால் பால்முகத்தாளின் சந்நிதியில் குரல் உயர்த்தக் கூடாது. அதற்கும் ஒரு விதி. தங்கமாரிக்குப் போன வருடம் கம்பெனி பஸ்ஸுக்காக நடந்த தகராறு ஞாபகம் வந்தது. அன்று யாரும் கோஷம் போடவில்லை. கம்பெனி விதிப் புத்தகத்தில் எழுதியிருந்ததை எழுதியபடியே செய்தார்கள். திருகுக்குத் திருகு கையுறையைச் சோதித்தார்கள். சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் லைன் குப்புறப் படுத்துவிட்டது.

“சரிண்ணே, மன்னிப்பு கேட்டாச்சு. இனி தேவி சொன்னபடியே நடக்கேன்.” முகத்தை மலர்த்தினாள். மலர்ந்த மலர்ச்சி இரண்டு காதையும் தாண்டிப் பின்கழுத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டது.

மலைக்குப் புறப்பட்டார்கள்.

“நில்லுங்க. ஒரு எறும்பு நொண்டுது. துன்பப்படுத உயிரைக் கடந்து போவக் கூடாதுல்லா?”

பகடை உருட்டி எறும்புக்குக் கட்டுப் போட்டாயிற்று. அடுத்து, எந்தக் காரியத்துக்கும் முன் தேவியின் உத்தரவு பெற வேண்டும் என்ற விதி. “தேவி, இடது காலை வைக்கட்டுமா?”

வசந்தகுமார் தேவியின் குரலில், அதாவது தேனில் ஊறிய ரிசப்ஷன் குரலில், “வை, மகளே” என்றான்.

“வலது கால், தேவி?”

மலை ஏறி முடிவதற்குள் தேவிக்குத் தொண்டை கட்டிவிட்டது. காத்திருந்து சலித்த மலைவிழுங்கி தானே இறங்கி வந்தான். விருந்தாளியை உபசரிப்பது விதி. “சாப்டீங்களா?” என்றாள் தங்கமாரி.

“இன்னும் இல்ல. உங்கூட வந்த திருடன் எங்க?” என்றான் ராட்சதன்.

“அந்தப் பாறைக்குப் பின்னால குத்தவச்சு இருக்காவ.”

“ஏ பாவி!” இசக்கிதுரை நாற்காலியோடு துள்ளினான்.

“பொய் சொல்லக் கூடாதுல்லா அண்ணாச்சி?”

கீழேயிருந்து கனகலட்சுமியக்கா கரண்டியோடு ஏறி வந்தாள். “இன்னாடா இது, சூப்பர் மார்க்கெட் பொம்ம மாரி சிரிச்சிக்கினு எறும்புக்கு வைத்தியம்? அந்தப் பொண்ணு அரிவாள குடுத்துத் தொலையச் சொல்லு அந்தம்மாவ! எனுக்கு மாடி கழுவணும்.”

வசந்தகுமார் நெற்றியைத் துடைத்தான். “தங்கமாரி, இது போன வருசம் லைன்ல பண்ண வேலைதான?”

“ரூல் ரூல்தாம்ணே.”

வேறு வழியின்றி வானம் பிளந்தது, பால்முகத்தாள் இறங்கினாள். “மகளே, உன் பக்தியை மெச்சினோம். இந்தா அரிவாள்.”

தங்கமாரி கை நீட்டவில்லை. “மறுபடி எவனாவது பிள்ளைகளைத் தேடி வந்தா நான் பொய்தான் சொல்லுவேன். அதுக்குச் சம்மதம்னா வாங்கிக்கிடுதேன்.”

கருணைக் கடலுக்கு வேர்த்து ஊற்றியது. “அந்த நேரத்துல நான் வேற பக்கம் பாத்துக்கினு இருந்தா போதுமா?” என்றாள் தேவி, முதன்முறையாக வாலாஜாபாத் தமிழில்.

“தாராளமா. இப்பவே திரும்பிக்கிடுங்க.” அரிவாளை வாங்கிய தங்கமாரி ராட்சதனை அண்ணாந்து பார்த்தாள். “ஐயா, உங்களுக்குப் பின்னால யாரோ கூப்பிடுதாவ.”

மலைவிழுங்கி திரும்பினான். அவள் பகடையை விட்டெறிந்தாள்.

அவன் தலை விழுந்த அதிர்ச்சியில் மெஸ்ஸின் சாம்பார் குண்டான் ஸ்ரீபெரும்புதூர் வரை உருண்டது என்று இசக்கிதுரை இன்றும் சத்தியம் செய்கிறான். இருட்டுவாயன் பக்தன், அவனுக்கென்ன, எதையும் சொல்லலாம்.