எல்லாரும் ஏறுங்க

ஆள் ஏறினால் கார் ஊமையாகிவிடும். கிஷாந்த் தனியே ஓட்டும்போது மட்டும் பின்பக்கத்தில் யாரோ கதவைத் தட்டுவதுபோல் 'டொக், டொக்' என்று சத்தம். வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. றொசல்லத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளைத் திங்கட்கிழமை முதல் அட்டன் நகரப் பாடசாலைக்கு ஏற்றிப் போவதாகப் பெற்றோருக்கு வாக்குக் கொடுத்திருந்தான். அதற்காகத்தான் அந்தப் பழைய கார்.

சனிக்கிழமை அவனும் மனைவி தனுஜாவும் யோகேஸ்வரனின் கராஜுக்குப் போனார்கள். யோகேஸ்வரன் சக்கரங்களை ஆட்டிப் பார்த்தார், இறுக்கமாக இருந்தன. அடியில் படுத்து ஒவ்வொரு பாகமாகப் பிடித்து உலுக்கினார்; ஒன்றும் ஆடவில்லை.

"நீ மட்டும் ஒரு ரவுண்டு ஓட்டு தம்பி."

தட்டியது. பிறகு கராஜில் நின்ற மூவரைப் பின்சீட்டில் ஏற்றி ஓட்டச் சொன்னார். தட்டவில்லை.

"பாரம் வந்தா அமுங்கிக்குது. அப்ப ஸ்பிரிங்தான்."

ஜாக்கி வைத்துத் தூக்கிப் பின்சக்கரத்தைக் கழற்றினார். சுருள் ஸ்பிரிங்கின் அடிநுனி முறிந்திருந்தது. முறிந்த இடத்தில் டியூப் ரப்பரைச் சுற்றி, கம்பியால் கட்டி, மேலே கறுப்புப் பெயின்ட் பூசியிருந்தது.

"தெரிஞ்சே கட்டியிருக்காங்க. இந்த நுனி நழுவுச்சுன்னா டயரக் கிழிச்சிரும்," என்றார் யோகேஸ்வரன்.

தனுஜாவுக்குக் கார் வாங்கிய நாள் நினைவு வந்தது. தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், ஒரு வீட்டுக்கு வாகனம் வருகிறதென்றால் பார்க்க வீடே கிளம்பும். அவர்களும் அப்படித்தான் போனார்கள். விற்றவர் பஜார்க் கடைக்காரர் சிதம்பரநாதன். "எல்லாரும் ஏறுங்க, இனி ஒங்க கார்தானே" என்று சிரித்தபடி கதவைத் திறந்துவிட்டார். தனுஜாவின் அம்மா மீனம்மாவைக் கைபிடித்து முன்சீட்டில் உட்காரவைத்தார். எல்லார் பாரத்தோடும் கார் சத்தமில்லாமல் ஓடியது.

ஒருவரை ஏமாற்றப் பொய் போதாதா? அன்பையுமா எடுத்துக்கொள்ள வேண்டும்?

கழற்றிய ரப்பரையும் கம்பியையும் எடுத்துக்கொண்டு தனுஜா நேரே கடைக்கு நடந்தாள். கிஷாந்த் பின்னால் ஓடினான்.

சிதம்பரநாதன் நெற்றி நிறைய விபூதியோடு கல்லாவில் இருந்தார். "பழைய காருன்னா நாலு சத்தம் வரத்தாம்மா செய்யும். ஒங்க தோட்டத்து ரோட்டுல புதுக் காரே தட்டும்."

தனுஜா ரப்பரை அவர் முன்னால் வைத்தாள். "இதயும் எங்க ரோட்டுதான் கட்டுச்சா, மொதலாளி? பெயின்டும் அடிச்சிச்சா?"

சீனி வாங்க நின்றவர் சிரித்துவிட்டார்.

"சத்தம் போடாதம்மா. ஏதாச்சும் கொறச்சுக்..."

"கொறக்கச் சொல்லி வரல. அன்னைக்கிச் சாயந்தரமே எங்கம்மா கோயிலுக்குப் போயி ஒங்க பேருல அர்ச்சன வச்சிச்சு. லயத்து ஆளுன்னு பாக்காம மரியாதையா ஒக்கார வச்சாராம். அதுக்கிட்ட நான் இப்ப என்னத்தச் சொல்ல? ஒன்னய மூட்டயா ஏத்துனாரும்மான்னா?"

சிதம்பரநாதனின் கை ரப்பரைத் தொட்டு விலகியது. "என் பேருலயா?" என்றார் மெதுவாக.

கிஷாந்த் முன்னால் வந்தான். "புள்ளைங்க ஏறியிருந்தா இது தட்டியிருக்காதுங்க. டயர் வெடிக்கிறதுதான் மொதச் சத்தமா இருந்திருக்கும்."

கடையில் இப்போது யாரும் சிரிக்கவில்லை. சிதம்பரநாதன் சொன்னார்: "புது ஸ்பிரிங் ரெண்டு நான் எடுத்துத் தாறேன். கண்டியிலருந்து வரப் புதனாயிரும்."

"திங்கக்கெழம புள்ளைங்க எப்புடிப் போகும்?" என்றாள் தனுஜா.

அவர் சுவர்க் காலண்டரில் திங்கட்கிழமையைத் தேடினார்.

திங்கள் காலை, மூடுபனிக்குள் விளக்கெரிய ஒரு வேன் லயத்துப் பாதை முடக்கில் வந்து நின்றது. கடைச் சாமான் ஏற்றும் வேன். டிரைவர் இல்லை, சிதம்பரநாதனே இறங்கினார். பின்சீட்டுகளைத் துடைத்திருந்தார். ஈரம் காயவில்லை.

பிள்ளைகள் ஓடிவந்தார்கள். கிஷாந்த் கையை நீட்டி மறித்தான். வணக்கம்கூடச் சொல்லாமல் நனைந்த தரையில் படுத்து, போன் வெளிச்சத்தில் வேனின் அடியை ஒவ்வொரு சக்கரமாகப் பார்த்தான். எழுந்து, சட்டையைத் தட்டாமல் சொன்னான்:

"வெறும் வேனா ஒருக்கா ஓட்டிக் காட்டுங்க."

பெற்றோர் முகங்கள் எல்லாம் சிதம்பரநாதன் பக்கம் திரும்பின. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஏறி, தொழிற்சாலை வளைவுவரை தனியே ஓட்டித் திரும்பினார். குழிகளில் வேகத்தைக் குறைக்கவுமில்லை. லயமே மூச்சடக்கிக் கேட்டது.

ஒரு சத்தமும் இல்லை.

கிஷாந்த் கதவைத் திறந்து, ஆகச் சின்னவளைத் தூக்கி உள்ளே உட்காரவைத்தான். பிறகு முன்னால் போய் அவர் பக்கத்தில் ஏறிக்கொண்டான்.