ஆறா, அஞ்சா

“ஆறு பிளைவுட் வேணும், புள்ள. முழுக்க அடைக்கணும்...”

“அஞ்சு காணும், காக்கா! கட்டில் போற அளவுக்கு வழி விடணும்...”

“நீ எப்ப பலகை அறுக்கிற ஓடாவி ஆனாய்?”

இன்னும் அறைக்கதவு போடாத புதுவீட்டில் அளவுநாடாவோடு நின்ற மூத்த சகோதரன் றவூபுக்கு நஜிமா விட்டுக்கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கும் கணவன் ஜெமீல் வந்து படுக்கத்தானே இந்த மறைப்பு.

“வழி ஒடுக்கமா இரிக்கட்டும். நாலு மாசம் பத்து நாள் வெளி ஆம்புளைகள்ற கண் படாம நீ உள்ளுக்க இரிக்கணுமே.”

அவள் பிடித்திருந்த நாடாவின் நுனி நழுவியது. கணவனை இழந்தவள் இருக்கும் இத்தாவின் நாள் கணக்கு அது. றவூப் பலகைக் கணக்கு எழுதிய சிமெந்துப் பைத் துண்டை மடித்தார்.

“அவர் இன்னும் மூச்சு விடுறாரே காக்கா, எனக்கு இத்தாவுக்கா அளந்தீங்க?”