நூறு சதவீதத்தில் ஓர் இறக்கம்

ஹால்வோர் மூன்றாவது முறையாகக் குனிந்து, காருக்குப் பின்னால் மாட்டிய குதிரைப் பெட்டியின் கொக்கியை ஆட்டிப் பார்த்தபோது இங்குனுக்கு மூக்கு வியர்த்தது. இவ்வளவு அக்கறை எதற்கு? பெட்டிக்குள் நிற்பது அவன் குதிரையா என்ன?

நின்றது பிளாக்கா, இங்குனின் பெண்குதிரை. ஆனால் அது பிறந்தது கொழுந்தன் ஹால்வோரின் லாயத்தில். ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில் அண்ணனும் தம்பியும் கைகுலுக்கி, குட்டி அண்ணனுக்கு என்று முடித்துக்கொண்டார்கள். அந்த அண்ணன்தான் இங்குனின் கணவன் தூரே. போன வசந்தத்தில் அவன் இறந்ததிலிருந்து ஹால்வோர் இரண்டு தடவை நூல் விட்டுப் பார்த்துவிட்டான். "பிளாக்காவ எங்கிட்டயே விட்டுரலாமே, இங்குன்." அவள் காதில் விழாதது போல இருந்துவிட்டாள்.

இப்போது மலைக்கு அந்தப் பக்கம் மகள் வீட்டருகே குடிபோகிறாள். அவளுடைய டீசல் கார் படுத்துவிட்டது. குதிரைப் பெட்டியை இழுக்கும் வலுவுள்ள கார் சொந்தத்தில் ஹால்வோரிடம்தான் இருந்தது, அதுவும் மின்சாரக் கார். கேட்ட வாய் மூடவில்லை, சரி என்றுவிட்டான். அந்தச் சட்டென்ற சரிதான் அவளை உறுத்தியது. மலையைத் தாண்டி இறங்கினால் முதலில் வருவது அவன் பண்ணை.

ஏற்றம் முழுக்க அவள் திரையில் இருந்த சார்ஜ் எண்ணையே கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். பெட்டியை மாட்டினால் பாதி தூரம்தான் ஓடும் என்று அவன் முன்பே சொல்லியிருந்தான். ஆனாலும் எண் இறங்கிய வேகம் அவளுக்குப் பிடிக்கவில்லை. உச்சியில், வாஃபிள் கடைக்கு முன்னால், பெட்டியைக் கழற்றாமலே சார்ஜ் போடத் தோதான ஒரு நீளமான இடம் இருந்தது. வண்டியை அங்கே நிறுத்தி, கம்பியைச் செருகி, அவன் திரையைத் தொட்டான்.

"அறுபதுல நிக்கிற மாதிரி வெச்சுட்டேன். அது போதும்."

"ஏன் அறுபது? முழுசா ஏத்து."

"பெட்டியோட இறங்குறப்போ முழுசா இருக்கக் கூடாது இங்குன். கார் வேகத்தப் புடிக்கிறதே கரண்ட்டத் திருப்பி பேட்டரிக்குள்ள தள்ளித்தான். உள்ள எடம் வேணும்ல?"

"அறுபதுல என் மக வீடு வரைக்கும் போயிருமா?"

"போகாது. கீழ நம்ம பண்ணையில நிறுத்திப் போட்டுக்கலாம். பிளாக்காவும் கொஞ்சம் தண்ணி குடிச்சு, காலாற நிக்கட்டும்."

"நம்ம பண்ணையா? உன் பண்ணைன்னு சொல்லு."

"சரி தாயே, என் பண்ணை. வாஃபிளுக்கு ஜாம் வேணுமா, பழுப்புச் சீஸ் வேணுமா?"

சிரித்துக்கொண்டே போய்விட்டான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லாம் புரிந்துவிட்டது போலிருந்தது. சார்ஜ் இல்லையென்று பண்ணையில் நிறுத்துவான். குதிரையை இறக்குவான். பிறகு, கால் லேசாக நொண்டுகிறது, இரண்டு நாள் இருக்கட்டும் என்பான். பிறகு, பனி விழுந்துவிட்டது, வசந்தத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்பான். பேட்டரிக்குள் இடம் வேண்டுமாம்! யாருக்குக் காது குத்துகிறான்?

இங்குன் திரைக்குக் கை நீட்டி, அறுபதில் நின்ற கோட்டை நூறுக்கு இழுத்துவிட்டாள்.

கடையில் ஹால்வோருக்கு ஒரு பழைய தோழன் அகப்பட்டான். மலையில் மேயவிட்ட ஆடுகளைத் திரட்டி இறக்குகிற காலம், காணாமல் போன ஆடுகளைப் பற்றிய பேச்சு இலேசில் முடியாது. வேறு நாளாயிருந்தால் இங்குன் போய் இழுத்து வந்திருப்பாள். இன்று பேசட்டும் என்று விட்டுவிட்டாள். ஆறிப்போன வாஃபிளோடு அவன் திரும்பியபோது சார்ஜ் ஏறி முடிந்திருந்தது. கொக்கியை ஆட்டினான், விளக்குகளைப் பார்த்தான், பிளாக்காவின் கயிற்றைப் பார்த்தான். திரையில் வழி வரைபடம் விரிந்திருந்தது. தான் வைத்த அறுபதை மறுபடி சரிபார்க்க அவனுக்குத் தோன்றவில்லை.

மின்சாரக் காருக்குப் பழகியவர்களின் கால் பிரேக்கை மறந்தே போயிருக்கும். ஆக்சிலரேட்டர் மிதியிலிருந்து காலை எடுத்தால் போதும், வண்டி தானே அடங்கிவிடும். இறக்கத்தின் முதல் வளைவில் ஹால்வோர் காலை எடுத்தான். வண்டி அடங்கவில்லை, பெட்டியின் பாரம் பின்னாலிருந்து தள்ளியது.

"என்னாச்சு இதுக்கு?" என்று பிரேக்கை மிதித்தான். அடுத்த வளைவிலும் மிதித்தான். அதற்கடுத்த வளைவில் ஏதோ தீய்ந்த நாற்றம் உள்ளே வந்தது. பின்னால் பிளாக்கா பலகையை உதைக்கும் சத்தம் தடதடவென்று கேட்டது.

"ஹால்வோர், மெதுவாப் போ!"

"மிதிச்சுட்டுத்தான் இருக்கேன். கால் உள்ள போகுது, வண்டி நிக்க மாட்டேங்குது."

தான் செய்தது என்னவென்று அந்த நொடியில்தான் இங்குனுக்கு உறைத்தது. நிறைந்த பேட்டரிக்குள் இனிக் கரண்ட்டைத் தள்ள இடம் ஏது?

பழைய ஜல்லிப் பாதை ஒன்று மேல்நோக்கிப் பிரிகிற இடம் வந்தது. ஹால்வோர் ஸ்டியரிங்கை ஒடித்து அதில் ஏற்றினான். ஜல்லி தெறிக்க வண்டி ஏறி, திணறி, நின்றது. சக்கரங்களிலிருந்து புகை வந்தது. அவன் புகையைப் பார்க்கவே இல்லை. ஓடிப்போய்ப் பெட்டியின் பக்கக் கதவைத் திறந்து, குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "ஒண்ணுமில்லடி, ஒண்ணுமில்லடி" என்றான்.

பிறகுதான் அவன் வந்து திரையில் வரைபடத்தை ஒதுக்கினான். எண்ணைப் பார்த்தான்.

"நூறு," என்றான்.

"நான்தான் மாத்துனேன்," என்றாள் இங்குன். "உன்ன நம்பல."

அவன் கத்துவான் என்று காத்திருந்தாள். கத்தியிருந்தால் தேவலை.

"நீ நெனச்சது தப்பில்ல," என்றான் ஹால்வோர். "எனக்கு பிளாக்கா வேணும். கீழ உன்ன ஒக்கார வெச்சு, காபியக் குடுத்து, இன்னொரு தடவ கேக்கலாம்னுதான் இருந்தேன். ஆனா உயிரோட வேணும் இங்குன். நீயும் உயிரோட இருக்கணும்."

இனி அந்தக் காரில் குதிரையை ஏற்ற இருவருக்குமே துணிவில்லை. காரையும் பெட்டியையும் அங்கேயே விட்டுவிட்டு, பிளாக்காவை நடத்திக்கொண்டு இறங்கினார்கள். நடை தூரத்தில் இருந்த லாயம் ஒன்றுதான். எங்கே போகக் கூடாது என்று இவ்வளவும் செய்தாளோ, அங்கேயே தன் கையால் கயிற்றைப் பிடித்து அழைத்துப் போனாள்.

லாயத்தில் ஓர் அறை தயாராக இருந்தது. புது வைக்கோல், வாளி நிறையத் தண்ணீர், வலையில் புல். காலையிலேயே போட்டு வைத்திருக்கிறான். பிளாக்கா தயங்கவே இல்லை, பிறந்த இடத்துக்குள் நேராக நுழைந்து வாளியில் வாயை வைத்தது. ஹால்வோர் வாசலோடு நின்றுவிட்டான்.

"நாளைக்கு பிரேக்க ஆள் வந்து பாத்துருவான்," என்றான். "அப்புறம் உன் மக வீடு வரைக்கும் எங்கயும் நிக்க வேண்டாம். அதான் நூறு இருக்கே."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"காபி குடுத்துட்டுக் கேக்கணும்னு இருந்தியே," என்றாள். "இப்பவே கேளு."

ஹால்வோர் குதிரையைப் பார்த்தான். அவன் ஆசை முகத்தில் அப்படியே தெரிந்தது.

"மாட்டேன்," என்றான். "இன்னைக்குக் கேட்டா உன்னால இல்லன்னு சொல்ல முடியாது."

அவன் காபி போடப் போனான். இங்குன் பிளாக்காவின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு நெடுநேரம் அழுதாள்.