மேல்மண் நாற்பது சென்டிமீட்டர்

மச்சான் செருப்பைக்கூடக் கழற்றாமல் என் தொல்லியல் அலுவலகத்துக்குள் வந்தார். கையில் நில விசாரணைக் குழுவின் கடிதம். அவர்கள் நிலத்தில் வீடு இருந்ததற்குத் திங்கட்கிழமைக்குள் ஆதாரம் காட்டாவிட்டால் நிலம் கைவிட்டுப் போய்விடும். பத்திரம் சண்டையில் எரிந்துவிட்டது. வீட்டை ராணுவம் இடித்துத் தள்ளிவிட்டது.

"அங்க தோண்டினது நீதானே மாப்ளே. பார்த்ததை எழுதி வச்சிருப்பே. அந்தப் பக்கத்தை நகல் எடுத்துக் குடு, போதும்."



அது என் மாமனார் வீடு இருந்த இடம் என்பது அகழாய்வு தொடங்கும் முன்பே எனக்குத் தெரியும். 'நாங்கள்தான் முதலில் வந்தோம்' என்று போரிட்ட இரண்டு தரப்பும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த மண். "உங்க மாமனார் வீடாமே?" என்று இயக்குநர் கேட்டார். "அதனால என்ன சார், மேல்மண் மேல்மண்தான்" என்றேன். நடுநிலைக்காரன் என்று பேர் வாங்கும் ஆசை. பெரிய நீதிமான் நான். சிமென்ட் தரை, நீல ஓடு, கதவுக் கீல், ஒரு சிலேட்டு, எல்லாவற்றையும் தள்ளுவண்டியில் அள்ளிக் கொட்டச் சொன்னேன். என் மனைவி ஒரே ஒரு ஓடு கேட்டாள். அதையும் கொடுக்கவில்லை. கொட்டிய மண் பிறகு சோதனைச் சாவடிச் சாலைக்கு அடியில் போனது.

இப்போது அந்தப் பதிவேட்டை எடுத்து மச்சான் முன்னால் வைத்தேன். முதல் வரி என் கையெழுத்தில்: '0–40 செ.மீ. மேல்மண். கலங்கியது. பதிவு தேவையில்லை.'

மச்சான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"கலங்கியதுன்னா?"

"பழசும் புதுசும் கலந்து கிடக்குறது. அதுல தெரிஞ்சுக்க ஒண்ணுமில்லன்னு அர்த்தம்."

"நாப்பது வருஷம் இருந்தோம். வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர்" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெட்கமாக இருந்தது. "நான் இப்ப ஒரு கடிதம் எழுதித் தரேன் மச்சான்."

"தங்கச்சி புருஷன் கடுதாசியை எவன் நம்புவான்?"

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். நான் எழுதியிருந்தால் எல்லாரும் நம்பியிருக்கக்கூடிய நாளில் நான் எழுதவில்லை.

அவர் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய அடுப்பு. மூன்று கல், சாம்பல், கரி. அரை நாள் குந்தியிருந்து கல் கல்லாக அளந்து நான் வரைந்த படம்.

"தென்கிழக்கு மூலையா?"

"ஆமா."

"அம்மாவோட அடுப்பும் அங்கதான் இருந்துச்சு" என்றார். பதிவேட்டை மூடி என் பக்கம் தள்ளினார். "நல்லா வரைஞ்சிருக்கே மாப்ளே."