சொல்லிவிட்டுக் கிளம்பினோம்

எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் இருக்கிறது என்பதே எனக்கு மறந்துபோய்விட்டது. நான் உள்ளே போனால் வாண்டு கதவைத் திறந்து வைத்துவிட்டு எதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்துகொள்வாள். மூன்று வயதுப் பெண் அப்படி உட்கார்ந்து கண்காணித்தால், பெற்ற தாய்க்குக்கூட சோப்பு போடக் கூச்சமாக இருக்கும். "அம்மா, இருக்கியா?" என்பாள். கண்ணெதிரே நின்றுகொண்டு "இருக்கேன்டி" என்று நான் பதில் சொல்ல வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் எழுந்து வந்து என் ஈரக் காலைத் தொட்டுப் பார்ப்பாள்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு கல்யாணம். என் கணவரின் நண்பருக்கு வெளியூரில் நடந்தது. காலையில் போய் இரவுக்குள் திரும்பிவிடும் தூரம்தான். வாண்டைப் பார்த்துக்கொள்ள அண்ணி வந்தார். என் கணவரின் அக்காவைத்தான் நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். தினமும் ஒரு வண்டி நிறையப் பிள்ளைகளை அம்மாக்களிடமிருந்து பிய்த்து எடுத்துக்கொண்டு போகிற வேலை என்பதால், இந்த விஷயத்தில் அவர் வைத்ததுதான் எங்கள் குடும்பத்தில் சட்டம்.

"அது வெளையாடிட்டு இருக்கும்போதே சத்தம் போடாம நழுவிடுங்க. ஜன்னலோரம் நின்னு கையாட்டுற அம்மாதான் எனக்கு எமன்" என்றார். செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, சொந்த வீட்டிலிருந்தே திருடர்கள் மாதிரி வெளியே வந்தோம்.

திரும்பியபோது வாண்டு தூங்கிப்போயிருந்தாள். அண்ணிக்குப் பெருமை தாங்கவில்லை. "அழவே இல்ல, தங்கம். நாள் பூரா உங்களைத் தேடிட்டு இருந்தா, அவ்வளவுதான். கட்டிலுக்கு அடியில, பீரோவுக்குள்ள, வாஷிங் மெஷினுக்குள்ளகூட எட்டிப் பார்த்தா."

அவ்வளவுதானாம். வாஷிங் மெஷினுக்குள் அம்மா இருக்கலாம் என்று குனிந்து பார்த்திருக்கிறாள் என் பிள்ளை. மறுநாளே குளியலறைக் காவல் தொடங்கிவிட்டது.

நான் பல்செட் செய்கிற லேபில் வேலை பார்க்கிறேன். என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். யார் யாருடைய வாய்க்கோ பொருத்தமாகப் பல் கட்டிக் கொடுக்கிற நான், கட்டின புருஷனோடு வாய் திறந்து ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேசி முடித்ததே இல்லை, வாண்டு பிறந்ததிலிருந்து. நான் ஆரம்பித்தால் வாண்டு கூப்பிடுவாள். அவர் ஆரம்பித்தால் எவனாவது எங்காவது லிஃப்டில் மாட்டிக்கொள்வான். அதனால் ஒருநாள் அவர், "ஏரிக்கரையில ரூம் போட்டிருக்கேன். ஒரே ஒரு ராத்திரி. அக்கா வந்து பாத்துக்கறேன்னு சொல்லிட்டா" என்றபோது எனக்குக் கண்ணில் நீர் வந்தது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்ததால் அவருக்குத் தெரியவில்லை.

"வாண்டு மத்தியானம் தூங்கும்போது கிளம்பிடலாம்" என்றார்.

"கிளம்பலாம். ஆனா அவ முழிச்சிருக்கும்போது. சொல்லிட்டு."

அவர் முகம் தொங்கிப்போனது. அன்று சாயங்காலமே விஷயம் அண்ணிக்குப் போய்விட்டது. அண்ணி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பிள்ளைய அழ வச்சுட்டுப் போறதுல என்னம்மா பெருமை?"

"ஏமாத்திட்டுப் போறதுல மட்டும் என்ன இருக்கு அண்ணி? அழட்டும். தேட வேண்டாம்."

"நான் ரெண்டு பசங்களை இப்படித்தான் வளர்த்தேன். ஒண்ணும் குறைஞ்சு போயிடல."

"உங்க பசங்க நல்ல பசங்க. ஆனா நான் குளிக்கணும் அண்ணி, கதவைச் சாத்திட்டு."

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. நானும் ஒற்றைக்காலில் நின்றேன். சொல்லிவிட்டுப் போக முடிந்தால் போவது, இல்லையென்றால் ரூமும் வேண்டாம், ஏரியும் வேண்டாம். கடைசியில் அண்ணி, "சரி, உன் பிள்ளை, உன் பாடு. அழுகையை நான் பாத்துக்கறேன்" என்று எழுந்தார். என் கணவர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அதை நான் அப்போது கவனித்திருக்க வேண்டும்.

அன்றிலிருந்து ஒத்திகை. கடைக்குப் போனாலும் சரி, மாடிக்குத் துணி எடுக்கப் போனாலும் சரி, வாண்டின் முன்னால் மண்டியிட்டு, "அம்மா போயிட்டு வரேன்" என்று முகம் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் வாசல் தாண்டினேன். அவள் ஊரைக் கூட்டினாள். எதிர்வீட்டு வாத்தியார் ஒருநாள் கதவைத் திறந்து, "யாருக்கு என்னம்மா ஆச்சு?" என்று பதறினார். "எனக்குத்தான் சார். குப்பை கொட்டப் போறேன்" என்றேன்.

அழுகை குறையவே இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒவ்வொரு முறையும் புதுசாக, அடிவயிற்றிலிருந்து அழுதாள். ஒவ்வொரு முறையும் நான் திரும்பி வந்து, "வந்துட்டேன், பாத்தியா" என்று நின்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொள்வாள். இது எதற்காவது பிரயோஜனப்படுமா என்று எனக்கே தெரியவில்லை. லேபில் பல்செட்டைத் தேய்த்து மெருகேற்றும்போதெல்லாம் அதே யோசனை. ஆனால் பின்வாங்குவதாக இல்லை.

கிளம்புகிற நாள் வந்தது. அண்ணி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சண்டைக்கு நிற்பவர் போலத் தயாராக நின்றார். நான் வாண்டின் முன்னால் மண்டியிட்டேன்.

"அம்மாவும் அப்பாவும் பஸ்ல ஏறி ஏரிக்குப் போறோம். இன்னிக்கு ராத்திரி நீ அத்தைகூடத் தூங்கணும். நாளைக்கு நாங்க வந்துடுவோம். சரியா?"

சரியில்லை என்பதை என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தெரிவித்தாள். அண்ணி ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தார். நான் எழுந்தேன். அப்போது வாண்டு அழுகையை நிறுத்திவிட்டு என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

"அப்பா எங்க?"

திரும்பிப் பார்த்தேன். அப்பாவும் இல்லை, பெட்டியும் இல்லை.

வாண்டு அண்ணியின் கையிலிருந்து வழுக்கி இறங்கி, நேராகப் போய் பீரோவைத் திறந்தாள். சட்டைகளை ஒதுக்கி உள்ளே பார்த்தாள். எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வது.

"அண்ணி, இவளைப் பிடிச்சுக்கோங்க. ஒரே நிமிஷம்" என்று வெளியே ஓடினேன். நடையின் கோடியில் லிஃப்டுக்குள் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தார் என் கணவர். ஒரு காலைக் கதவுக்குக் குறுக்கே வைத்திருந்தார். லிஃப்ட் மூடப் பார்ப்பதும் அவர் காலில் இடித்துத் திறப்பதுமாக இருந்தது.

"வா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

"அவ உங்களை பீரோவுக்குள்ள தேடிட்டு இருக்கா."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "நீதான் சொல்லிட்டியே. ரெண்டு பேரும் எதுக்குச் சொல்லணும்? என்னால முடியாது. அவ அழறதைப் பாத்துட்டு என்னால கிளம்ப முடியாது."

"அதுக்காக?"

கதவு மறுபடி அவர் காலில் இடித்தது.

"சின்ன வயசுல எங்கம்மா வேலைக்குப் போறப்ப நான் விட மாட்டேன்" என்றார். "அவங்க சால்வையைக் கையில சுத்திக்கிட்டுத்தான் தூங்குவேன். அப்பத்தான் போக முடியாதுன்னு. முழிச்சுப் பாத்தா சால்வை மட்டும் கையில இருக்கும். சொல்லிட்டுப் போறது எப்படின்னே எனக்குத் தெரியாது. எனக்கு யாரும் சொல்லிட்டுப் போனதில்ல."

இத்தனை வருஷத்தில் இவர் எந்த விருந்திலிருந்தும் சொல்லிவிட்டுக் கிளம்பியதில்லை. தேடினால் ஆள் தெருவில் வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார். நானும் அதைக் கூச்ச சுபாவம் என்று நினைத்துக் கிண்டல் செய்துகொண்டிருந்தேன். பாவமாக இருந்தது. ஆனால் பாவம் பார்க்கிற நேரம் இல்லை அது.

"தெரியலேன்னா இன்னிக்குக் கத்துக்கோங்க" என்றேன். "கதவுல கால வச்சுக்கிட்டு நின்னா லிஃப்ட் மேலயும் போகாது, கீழயும் போகாதுன்னு நீங்கதான் சொல்வீங்க. காலை எடுங்க. வீட்டுக்கு வாங்க."

"பஸ் போயிடும்."

"போகட்டும்."

வந்தார். வாண்டு இதற்குள் கட்டிலுக்கு அடியில் இருந்தாள். அவர் தரையில் படுத்து அவள் முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டார்.

"அப்பா கட்டிலுக்கடியில இல்லடா. அப்பா ஒளிஞ்சுக்கிட்டேன். தப்பு. இப்ப நானும் அம்மாவும் போறோம். நாளைக்கு வந்துடுவோம். நீ தேடாத. சரியா? போயிட்டு வரேன்."

வாண்டு அவர் மூக்கில் ஒரு குத்து விட்டாள். பிறகு ஆரம்பித்தாள். ஒத்திகையெல்லாம் ஒன்றுமில்லை என்கிற மாதிரி ஓர் அழுகை. அவர் நகரவில்லை, கண்ணை மூடவும் இல்லை. முழுசாகப் பார்த்தார். அண்ணி வந்து அவளை வெளியே இழுத்துத் தூக்கிக்கொண்டார். "கிளம்புங்க. இனிமே நின்னா எனக்குக் கெட்ட கோபம் வரும்" என்றார். வாண்டு பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாசல் வழியாக, செருப்பைக் காலில் போட்டுக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு நடந்தோம். அழுகை லிஃப்டுக்குள்ளும் கூடவே வந்தது. கீழ்த்தளத்துக்கான பொத்தானை அவரே அழுத்தினார்.

பஸ் போயே போய்விட்டிருந்தது. அடுத்த பஸ்ஸுக்காக நிலையத்தில் உட்கார்ந்திருந்ததுதான் எல்லாவற்றையும்விடக் கொடுமை. வீடு கூப்பிடு தூரத்தில் இருந்தது.

"ஒரு எட்டு பாத்துட்டு வந்துடலாமா? தூரத்திலேர்ந்து. அவளுக்குத் தெரியாம" என்றார்.

"தெரியாம எதுவும் கிடையாது" என்று அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டேன். என் கால்தான் அவருக்கு முன்னால் வீட்டுக்கு ஓடத் துடித்தது என்பதைச் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், பஸ் வரும்வரை.

ஏரிக்கரை விடுதி ஒன்றும் சொர்க்கம் இல்லை. கட்டில் முனகியது. ஏரி மட்டும் நிஜமாகவே இருந்தது, ஜன்னலுக்கு வெளியே, பொழுது சாயும் வெளிச்சத்தில். பெட்டியைக் கீழே வைத்ததும் அவர் அண்ணிக்குப் போன் போட்டு, எனக்கும் கேட்கும்படி நடுவில் வைத்தார்.

"அழுதாளா?" என்றேன்.

"அழுதாளாவா? வாத்தியார் வந்து விசாரிச்சுட்டுப் போனார். ரொம்ப நேரம் அழுதா. அப்புறம் மூக்கைச் சிந்திட்டுப் பசிக்குதுன்னா. சாப்பிட்டா. இப்ப என் தலையில கிளிப்பு மாட்டிட்டு இருக்கா."

அவர் போனுக்குப் பக்கத்தில் குனிந்தார். "தேடினாளா அக்கா?"



"இல்லடா. எங்கயும் தேடல. பீரோ பக்கமே போகல. நீங்க பஸ்ல போயிருக்கீங்க, நாளைக்கு வருவீங்கன்னு எனக்கே சொல்றா." அண்ணியின் குரல் மாறிவிட்டது. "சின்ன வயசுல நீதான்டா தேடுவ. அந்தச் சால்வையை இழுத்துக்கிட்டு வீடு பூரா. நானும் உன் பின்னாடியே வருவேன். அம்மா எங்க போயிருக்காங்கன்னு எனக்குத் தெரியும். சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க."

போனை வைத்த பிறகு அவர் ஏரியைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் பக்கத்தில் போய் நின்றேன். யாரும் கூப்பிடவில்லை. எவனும் லிஃப்டில் மாட்டவில்லை. அவர் தன் அம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். ஒரு வாக்கியத்தை முடித்தார், இன்னொன்றை முடித்தார். எதையும் நான் குறுக்கே வெட்டவில்லை. என் சுபாவத்துக்கு அது பெரிய விஷயம்.

மறுநாள் சொன்னபடி வந்து சேர்ந்தோம். வாண்டு ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்று நினைத்தவள் நான். அவள் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் படம் வரையப் போய்விட்டாள். தாழ்ப்பாள் விஷயத்திலும் இன்னும் அனுமதி கிடைக்கவில்லை. குளிக்கப் போனால் கதவை முக்கால்வாசி சாத்தலாம், அந்த அளவுக்குத்தான் சமரசம்.

ஆனால் அன்று சாயங்காலம் ஒன்று நடந்தது. என் லேப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவருடைய செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு வாண்டு கூடத்தின் நடுவில் வந்து நின்றாள். "நான் ஏரிக்குப் போயிட்டு வரேன்" என்றாள். பிறகு அப்பாவைப் பார்த்து, "நீ அழு" என்று உத்தரவு போட்டாள்.

அவர் முகத்தை மூடிக்கொண்டு பொய்யாக அழுதார். வாண்டு செருப்பை இழுத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போனாள். அண்ணி சிரித்தார். சிரித்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். தம்பியின் தோள் குலுங்குவது பொய்யில்லை என்று எனக்குத் தெரிவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது.

வாண்டு திரும்பி வந்தாள். "வந்துட்டேன்" என்றாள். என் கணவர் கையை எடுக்கவில்லை. அவள் பையைக் கீழே போட்டுவிட்டு, அவர் கையை முகத்திலிருந்து பிடித்து இழுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள்.

"இருக்கேன்ப்பா" என்றாள். "தொட்டுப் பாரு."