பழைய குருத்தோலை

"போன வருசத்து குருத்தோல வூட்ல கீதாண்ணே? சாம்பல் புதனுக்கு நெத்தில பூச எரிக்கணும்," என்று ஸ்டானிஸ்லாஸிடம் கேட்டாள் ராயபுரம் கோயிலிலிருந்து வந்த பெர்சிஸ்.

கல்பாக்கத்தில் அவர் பார்க்கும் வேலையும் கிட்டத்தட்ட இதுதான். எரிந்து முடிந்த அணு எரிபொருளைக் கரைத்து, மறுபடி எரியக்கூடியதைப் பிரித்தெடுப்பது. லட்சம் வருடம் படுத்தும் கழிவை முந்நூறு வருடத்தில் அடக்கிவிடலாம் என்று மனைவி ஜானட்டிடம் பீற்றிக்கொள்வார்.

"முன்னூறு வருசத்த அப்பால பாத்துக்கலாம். இந்த குருத்து ஞாயிறுக்காச்சும் கூட வாய்யா," என்றாள் அவள் போன வருடம்.

ஷிஃப்ட் என்று கிளம்பிவிட்டார். மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் அவளைக் கொண்டுபோனது.

அன்று அவள் தனியாகப் போய் வாங்கிவந்து, சிலுவையாக மடித்துச் செருகிய ஓலை மாதா படத்துக்குப் பின்னால் காய்ந்து கிடந்தது. எதையும் வீணாக்கக்கூடாது என்று ஊருக்கெல்லாம் ஓதியவர் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"ஒன்னும் மிச்சம் இல்லமா," என்றார்.