பூக்குழியில் சுடாத கால்

விடிவதற்கு முன்பே பந்தல்குடி ரோட்டோரத் தகரக் கொட்டகையில் பதினோரு பெண்களும் பசை வாளிகளின் முன்னால் குந்திவிட்டார்கள். செருப்பின் அடித்தட்டில் பசையைத் தடவி, மேல்தட்டை வைத்து, உள்ளங்கை காந்தும்வரை அமுக்க வேண்டும். கரிசல் புழுதி ஒட்டிவிடும் என்று முதலாளி சோலைச்சாமி ஜன்னலைத் திறக்க விடமாட்டார். பசை சீக்கிரம் காய்ந்துவிடும் என்று மின்விசிறியும் ஓடாது. அந்த நெடியை முழுக்க உள்ளே இழுக்கிற வேலையையும் சேர்த்துப் பெண்கள்தான் பார்த்தார்கள்.

பிச்சையம்மாளுக்கு முதலில் பாதம் மரத்தது. நடக்கும்போது செருப்பு கழன்று போனால்கூட யாராவது கூப்பிட்டுச் சொன்னால்தான் தெரியும். ஊருக்கெல்லாம் செருப்பு ஒட்டுகிறவளுக்கு இந்தக் கதி. பிறகு மரமரப்பு முழங்கால்வரை ஏறியது. மற்றவர்களுக்கும் கூடவோ குறையவோ அதேதான்.

பங்குனிப் பொங்கலில் அவளும் பக்கத்து வாளி நாகஜோதியும் பூக்குழி இறங்கினார்கள். எல்லோரும் ஓட்டமும் நடையுமாகக் கடக்க, இவர்கள் இருவரும் வரப்பில் போகிறவர்களைப் போல நிதானமாகக் கங்கில் நடந்தார்கள். ஊரே குலவையிட்டது. ஆத்தா இவர்கள் காலில் இறங்கிவிட்டாள் என்று பேச்சு. சோலைச்சாமி ஆளுக்கொரு மஞ்சள் சேலை எடுத்துக் கொடுத்தார். பிச்சையம்மாளும் நம்பினாள். அதுவரை அவளை ஏறெடுத்துப் பார்க்காத ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது, நம்பாமல் என்ன செய்வாள்? மூன்றாம் நாள் அவள் பாதம் வெந்து சீழ் கோத்திருந்தது. அப்போதும் வலிக்கவில்லை. அவளுக்குப் பயம் வந்தது.

மதுரை ஆஸ்பத்திரி டாக்டரம்மா புண்ணைக் கட்டினார், சர்க்கரை பார்த்தார், இல்லை. என்ன வேலை என்று விசாரித்தார்.

"கணுக்காலுக்குப் பின்னாடி நரம்புல ஒரு துணுக்கு எடுத்து மைக்ராஸ்கோப்புல பாக்கணும்மா. எப்படிக் கெட்டிருக்குன்னு பாத்தா, எதனால கெட்டுச்சுன்னு பெரும்பாலும் தெரிஞ்சிரும். ஆனா அந்த எடம் அப்புறம் மரத்தே போகலாம்."

"இப்ப மட்டும் முழிச்சுக்கிட்டா இருக்கு? எடுங்கம்மா."

சேதி எட்டியதும் சோலைச்சாமி ஆளனுப்பினார். நரம்பைக் கொடுத்தால் கொட்டகையில் இடமில்லை என்றார். அவளுக்கு வேறு பிழைப்பு கிடையாது. ஆனாலும் கொடுத்தாள்.

முடிவு வந்த அன்று டாக்டரம்மா படத்தைக் காட்டினார். நரம்பின் இழைகள் அங்கங்கே முடிச்சு விழுந்ததுபோல வீங்கிக் கிடந்தன.

"சர்க்கரையில இப்படி வீங்காது. பசையில கலக்குற தின்னர் ஆவிதான் இப்படிப் பண்ணும். அந்தக் காத்த விட்டு வந்தா நரம்பு மெதுவா, ரொம்ப மெதுவா வளரும்."

பிச்சையம்மாளுக்கு ஆத்திரம் வந்தது. கெட்டுப்போன நரம்பையா ஊர் விழுந்து கும்பிட்டது? முடிவு எழுதிய காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, மறுநாள் விடியக்காலம் கொட்டகைக்குப் போனாள்.

சோலைச்சாமி காகிதத்தைத் தொடவேயில்லை. "இது ஒருத்தி நரம்பு. ஒன் வம்சத்துலயே கோளாறு இருக்கும். அதுக்கு நான் என்ன செய்ய?"

"ஜன்னலத் தெறங்க. விசிறியப் போடுங்க. இந்தத் தின்னர மாத்துங்க. எங்க வைத்தியத்தப் பாருங்க."

"'எங்க'ன்னா யாரு? ஒன்னத் தவிர இங்க எவ கேட்டா?"

பத்துத் தலைகளும் குனிந்தே இருந்தன. பிரஷ்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஆத்தா இறங்கிய காலை ஆஸ்பத்திரியில் காட்டிப் பழித்துவிட்டாள் என்று நாகஜோதி இத்தனை நாளாக அவளோடு பேசவில்லை. அந்த நாகஜோதிதான், பூக்குழிப் புண் இன்னும் ஆறாத காலோடு, சுவரைப் பிடித்து எழுந்தாள்.

"யக்கா, அந்த டாக்டரம்மா எத்தன மணி வரைக்கும் இருப்பாக?"

"ஒரு மணி."

"அப்ப எங்க காலையும் பாக்கட்டும். ஒருத்தி நரம்புன்னா வம்சக் கோளாறும்பீக. பதினோரு வம்சத்துக்கும் ஒரே சீக்கா மொதலாளி?"

ராமலட்சுமி பிரஷைக் கீழே வைத்தாள். அடுத்து குருவம்மாள். ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்து எல்லோரும் எழுந்தார்கள்.

"சாயங்காலம் லோடு போகணும். போறவ திரும்பி வரவேணாம்."

"வருவோம், காகிதத்தோட வருவோம்" என்றாள் நாகஜோதி.

மதுரை பஸ் வந்து நின்றது. படியில் கால் பதிந்ததா என்று ஒவ்வொருத்தியும் குனிந்து பார்த்துத்தான் ஏற முடிந்தது. கீழே நிற்பவள் பாதத்தைப் பிடித்து வைத்தாள், மேலே நிற்பவள் கையைக் கொடுத்தாள். கண்டக்டர் பொறுமையிழந்து விசிலை வாயில் வைத்தார்.

"பொறுங்கண்ணே" என்றாள் பிச்சையம்மாள். "பதினோரு பேர் இருக்கோம்."